பீலிக்குப் போக நல்ல நேரம்

கண்டிக்கு வருகிறோம், என்னென்ன கவனிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் என் வாயில் வருவதெல்லாம் அவருடைய வார்த்தைகள்தான். தலதா மாளிகைக் கோயிலுக்குப் போகும்போது பையில் ஒரு சோடி காலுறை வைத்துக்கொள்ளுங்கள், செருப்பைக் கழற்றிய பிறகு வெயிலில் அந்தக் கல் சுடும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். காலையில் வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் குடையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பௌர்ணமிப் போயா தினத்தில் சாராயக்கடை திறக்காது, வேண்டியவர்கள் முதல் நாளே வாங்கி வையுங்கள். குரங்குக்கு முன்னால் பையைத் திறக்காதீர்கள். போன மாதம் சென்னையிலிருந்து வரவிருந்த தூரத்து உறவுக்காரர்களுக்கு இதையெல்லாம் தொலைபேசியில் அடுக்கிக்கொண்டே போனேன். "அடேயப்பா, எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சிருக்கியே" என்றார்கள். எனக்கு வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல் இருந்தது. அந்த மனிதரை விட்டுவிட்டு நான் பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி ஒரு வாக்கியம்கூடப் பேச முடியவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான்.

அவர் சுற்றுலா வேன் ஓட்டியவர். பக்கத்துப் பிலிமத்தலாவைக்காரர். கண்டி வாவிக்கு மேலே, மேட்டுத் தெருவில் இருந்த ஒரு சின்ன விடுதியில் அப்போது நான் வரவேற்பு மேசையில் இருந்தேன். அங்கே தங்குகிறவர்களை ஊர் சுற்றிக் காட்டுவது அவர் வேலை. ஐம்பதை நெருங்கிய வயது, எப்போதும் தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கதிரையை இழுத்துப் போட்டால் உட்கார மாட்டார், அதன் கையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பார். வாயில் எந்நேரமும் ஒரு ஏலக்காய் கிடக்கும். முக்கியமான விஷயம் ஒன்றைச் சொல்லப் போகிறார் என்றால் அந்த ஏலக்காய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போகும். பிறகு இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. முற்றத்தில் எங்கள் விடுதி நாயைத் தவிர யாருமே இல்லாவிட்டாலும் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் குரலை இறக்கிச் சொல்வார்.

"இத நான் யாருக்கும் சொல்றதில்ல. உங்களுக்கு மட்டும் சொல்றேன்."

தமிழில் வருகிறவர்களுக்குத் தமிழில், சிங்களத்தில் வருகிறவர்களுக்குச் சிங்களத்தில், மற்ற எல்லாருக்கும் "ஒன்லி ஃபார் யூ" என்று. எந்த மொழியில் சொன்னாலும் கேட்டவர் முகம் ஒரே மாதிரி மலரும்.

சொன்ன விஷயம் பொய்யாக இருந்ததே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ரயிலில் எந்தப் பக்க ஜன்னல் நல்லது, அது எந்த நிலையத்தோடு மாறும், வாவியைச் சுற்றி நடக்க எந்த நேரத்தில் புகை இருக்காது, எந்தக் கடையில் செவ்விளநீரை வெட்டிக் கொடுத்தபின் வழுக்கையையும் சுரண்டித் தருவார்கள் என்று எல்லாமே அச்சுப் பிசகாமல் இருக்கும். மலையேறப் போகிறவர்களிடம் காலுறைக்கு மேலே ஈரச் சோப்பைத் தேய்த்துக்கொள்ளச் சொல்வார். "அட்டை ஏறும், வழுக்கி விழுந்துரும். கடிச்சாலும் பிடுங்காதீங்க, வயிறு நெறஞ்சா அதுவே போயிரும்" என்பார். அட்டைக்கும் அவரிடம் ஒரு மரியாதை இருந்தது.

ஒரு முறை கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதியும் ஜெர்மனியிலிருந்து ஒரு தம்பதியும் ஒரே சமயத்தில் எங்கள் விடுதியில் தங்கியிருந்தார்கள். கோயம்புத்தூர் அம்மா என்னிடம் வந்து, விடியற்காலையில் ஃபிளாஸ்கில் தேத்தண்ணி வேண்டும், எங்கே போகிறோம் என்று மட்டும் கேட்காதீர்கள் என்று கண்ணைச் சிமிட்டினார். கொஞ்ச நேரம் கழித்து ஜெர்மன்காரர் வந்து அதையே கேட்டார், அதே சிமிட்டலோடு. மறுநாள் காலை நான்கு பேரும் ஒரே பாறையின் உச்சியில் சூரியனுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பாண் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது இவர் உள்ளே வந்தார். நான் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன். மனிதர் கொஞ்சம்கூட அசரவில்லை.

"பாத்தீங்களா? நல்ல ஆளுங்களாப் பாத்துத்தான் நான் சொல்றது. அதுதான் நாலு பேரும் ஒரே எடத்துல சந்திச்சிருக்கீங்க" என்றார். அவர்கள் நான்கு பேரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு மாலை அவருடைய வேனிலேயே ஒன்றாகப் பேராதனைப் பூங்காவுக்கும் போனார்கள்.

அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபின் நான் கேட்டேன். "ஏண்ணே, எல்லாருக்கிட்டயும் ஒங்களுக்கு மட்டும்னு சொல்றீங்களே, கூச்சமா இல்லையா?"

"தங்கச்சி, ஒருத்தன் கடலத் தாண்டி வர்றான்னா, வேற எவனும் பாக்காத ஒன்ன பாக்கத்தான் வர்றான். போர்டு போட்ட எடத்துக்கு அவனே போயிருவான், நான் எதுக்கு? போர்டு இல்லாத எடத்த குடுத்தாத்தான் அவனுக்கு வந்த மாதிரி இருக்கும்."

"அப்ப எனக்குச் சொல்றதும் அப்பிடித்தானா?"

"சே! நீங்க நம்ம ஆளு. ஒங்களுக்குச் சொல்றது வேற."

நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? எனக்கும் அவர் எத்தனையோ சொல்லியிருந்தார். சனிக்கிழமைகளில் கலஹா பஸ்ஸில் இடம் கிடைக்க எந்தத் தரிப்பில் போய் நிற்க வேண்டும், அம்மாவுக்கு நூல் சேலை எடுக்க கெலிஓயாவில் எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். கலஹாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, படித்து, டவுனில் வேலைக்கு வந்தவள் நான். அவருடைய அப்பா அம்மாவும் ஒரு காலத்தில் தோட்டத்தில் இருந்தவர்கள்தான், அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே பிலிமத்தலாவைக்கு இறங்கிவிட்டார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் "நம்ம ஆளுங்க" என்பார். அந்தச் சொல்லில் நான் உருகிப் போவேன். டவுனில் நம்ம ஆள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வேறு யாரும் இருக்கவில்லை.

அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது அவர்தான் வந்தார். தோட்டத்து லொறிக்குக் காத்திருந்தால் அன்றைக்கே அப்பா போயிருப்பார். மழையில் அந்தச் செம்மண் பாதையில் சுற்றுலா வேனை ஏற்ற வேறு எந்த டிரைவரும் சம்மதித்திருக்க மாட்டான். பெரியாஸ்பத்திரியில் எந்த வாசலால் போனால் தூக்குக் கட்டில் சீக்கிரம் கிடைக்கும், வார்டில் யாரிடம் எப்படிப் பேச வேண்டும், நோயாளியைப் பார்க்கும் நேரத்தில் கூட்டம் எப்போது குறையும் என்று எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அம்மாவை உட்கார வைத்து, பயணிக்குச் சொல்வதுபோலவே நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். அப்பா சில வாரங்கள் கூடுதலாக எங்களோடு இருந்தார் என்றால் அது அவரால்தான். இதை மறைத்தால் நான் மனுஷி இல்லை.

அப்பா இறந்தபோதும் வந்தார். பாடைக்குத் தோள் கொடுத்தார். வெள்ளைச் சட்டையில் சேறு தெறிக்க, எங்கள் சொந்தக்காரர்களோடு தேயிலைச் சரிவில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதை நான் லயத்து வாசலிலிருந்து பார்த்தேன். அன்றைக்குத்தான் அவர் எங்கள் பீலியைப் பார்த்தார்.

பீலி என்றால் எங்களுக்கு எல்லாமும்தான். மலையில் ஊறும் தண்ணீரை ஒரு தகரத் தாரையால் இறக்கி விட்டிருப்பார்கள், அது இடைவிடாமல் கொட்டிக்கொண்டே இருக்கும். கீழே துவைக்கிற கல், சுற்றிலும் பன்னச் செடிகளும் காட்டு இஞ்சியும். குடிக்கத் தண்ணீர் பிடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான். கதவு கிடையாது, மறைப்பு கிடையாது. மறைப்புக்குப் பதிலாக எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் ஆம்பளைகள் நேரம். சாயங்காலம் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்தபின், நாலு மணியிலிருந்து, அது பெண்கள் நேரம். அந்நேரத்தில் அவசரமாக அந்தப் பக்கம் போக வேண்டிய ஆண் யாராக இருந்தாலும், தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாகவே இருந்தாலும், பாதை வளையும் இடத்தில் நின்று "பீலியில ஆளிருக்கா?" என்று உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். "ஆளிருக்கு" என்று பதில் வந்தால் அங்கேயே நிற்க வேண்டும். நாங்கள் பெண்கள் குரல் கொடுத்ததே இல்லை. அது எங்கள் நேரம், எதற்குக் கொடுக்க வேண்டும்?

அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த ஆண்கள் வழக்கப்படி பீலியில் தலை முழுகினார்கள். அவரும் முழுகினார். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த நிலைமையிலும் அம்மா லயத்து வாசலிலிருந்து எழுந்து வந்து அவரிடம் சொன்னாள்.

"தம்பி, நாலு மணியாகப் போவுது. அதுக்கு மேல பொம்பளைங்க வருவாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"என்னாம்மா நீங்க! நானும் லயத்துல பொறந்தவன்தானே. எங்கம்மாவும் இப்பிடி ஒரு பீலியில குளிச்சவதான். எனக்குத் தெரியாதா?"

ஈரத் தலையோடு கும்பிட்டுவிட்டு மேலே ஏறிப் போனார். அம்மா அன்றைக்கு அழுததில் பாதி அவருடைய நல்ல மனசுக்காகவும்தான்.

அடுத்த வருஷம், ஒரு சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது அம்மா சொன்னாள், "யாரோ வெள்ளைக்காரங்க பீலிப் பக்கம் வந்துட்டாங்க புள்ள. கையக் காட்டிச் சிரிச்சாங்க. நாங்களும் சிரிச்சோம். ஈரத் துணியோட எங்க ஓடுறது?" வழி தவறி வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த தடவை போனபோதும் அதையே சொன்னாள், இந்த முறை சிரிக்காமல். தோட்டத்துத் துரையிடம் போய்ச் சொன்னார்களாம். பாதையில் நடக்கிற ஆட்களை நான் எப்படித் தடுப்பது என்று கேட்டாராம். பெண்கள் சேர்ந்து பழைய சேலைகளைக் கொண்டுபோய் மரத்துக்கு மரம் மறைப்பாகக் கட்டினார்கள்.

இதை நான் யாரிடம் சொல்லிப் புலம்பினேன் என்கிறீர்கள்? அவரிடம்தான். கதிரையின் கையில் சாய்ந்து நின்று முழுவதையும் கேட்டார். முகத்தைச் சுளித்தார். "சே, என்னா மனுசங்களோ! வழி தவறி வந்திருப்பாங்க தங்கச்சி, அம்மாவ பயப்பட வேணாம்னு சொல்லுங்க" என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால்தான் இப்போது மற்ற எதைவிடவும் எரிகிறது.

அதற்குச் சில நாட்கள் கழித்து, விடுதியில் தங்கியிருந்த ஒரு இளம் வெள்ளைக்காரப் பெண், ரொம்ப நல்ல பிள்ளை, காலைச் சாப்பாட்டுக்குப் பின் என்னிடம் வந்து தொலைபேசியை நீட்டினாள். முந்தின நாள் எடுத்த படங்களாம். தேயிலை மலை, தேயிலை மலை, பிறகு ஒரு தகரத் தாரை, அதிலிருந்து கொட்டும் தண்ணீரில் சாய்ந்து விழும் மஞ்சள் வெயில். இரண்டு பக்கமும் சிவப்பும் பச்சையுமாகச் சேலைகள். இந்தத் துணிகளைப் பாருங்கள், எவ்வளவு அழகு என்றாள். அதில் பச்சைச் சேலை நான் கெலிஓயாவில் அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தது. சேலைக்கு இந்தப் பக்கம், படத்தின் ஓரத்தில், மார்புக்கு மேல் குறுக்குக்கட்டோடு ஒரு பெண் முதுகைக் காட்டிக் குனிந்து நீல வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. பெற்ற தாயின் முதுகை அடையாளம் காண எனக்கு முகம் தேவையில்லை.

யார் இந்த இடத்தைச் சொன்னது என்று கேட்டேன்.

எங்கள் டிரைவர்தான் என்றாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இடம், தங்களுக்கு மட்டும்தான் சொன்னாராம். நாலு மணிக்கு மேல் போகச் சொன்னாராம். அப்போதுதான் வெளிச்சம் அழகாக இருக்குமாம், ஊர்ப் பெண்கள் இயற்கையாகக் குளித்துக்கொண்டும் இருப்பார்களாம். அவர்கள் சிரித்த முகத்தோடு வரவேற்பார்களாம்.

நாலு மணி. புருஷனைப் புதைத்த நாளில் என் அம்மா எழுந்து வந்து, வராதீர்கள் என்று பணிவாகச் சொன்ன நேரம். அதையே அவர் வாருங்கள் என்று விற்றிருக்கிறார்.

அந்தப் பிள்ளைமீது எனக்குக் கோபம் வரவில்லை. அது என் அம்மா என்று சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அங்கேயே நின்று படத்தை அழித்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

அவர் கீழே முற்றத்தில் வேன் கண்ணாடியைப் பழைய பேப்பரால் துடைத்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போனேன்.

"ஏண்ணே, எங்க பீலிக்கு ஆள் அனுப்பினது நீங்களா?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

"எல்லாருக்கும் சொல்லல தங்கச்சி. நல்ல ஆளுங்களா பாத்துத்தான்…"

"எங்கப்பாவத் தூக்கின தோளுதானே இது? முழுகின தண்ணி காயுறதுக்கு முந்தி எங்கம்மா சொன்னது ஒங்களுக்கு மறந்து போச்சா?"

"மறக்கல்ல."

"மறந்திருந்தாலாவது மன்னிக்கலாம். நான் வந்து அழுதப்ப, வழி தவறி வந்திருப்பாங்கன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்களே!"

அவர் பேப்பரைக் கசக்கினார். "நான் சொல்லாட்டி நாளைக்கு இன்னொருத்தன் சொல்லத்தான் போறான். ஒலகத்துல எந்த எடத்த மறைக்க முடியும்? தொழில் தங்கச்சி, தொழில். பழைய எடங்களச் சொன்னா இப்ப வாறவங்க அத போன்லயே பாத்துட்டு வந்து என்னப் பாத்துச் சிரிக்கிறாங்க." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருக்கிறது, இப்போது மன்னிப்பு வரும் என்று நான் நின்றேன். ஏலக்காய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"ஒன்னு செய்யுங்க. அம்மாவ ஆறு மணிக்கு மேல போகச் சொல்லுங்க. வெளிச்சம் போயிட்டா படம் எடுக்க முடியாது, ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. நிம்மதியா குளிக்கலாம். இத நான் வேற யாருக்கும் சொல்லல, ஒங்களுக்கு மட்டும்தான்."

எனக்கு அழுகை வரவில்லை. என் அம்மாவுடைய பீலிக்கு என் அம்மா எப்போது போனால் நல்லது என்று, கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, எனக்குச் சொல்கிறார். அதுவும் அந்தக் குரலில். அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது, நானும் அவருக்கு வேனில் ஏறிய இன்னொரு ஆள்தான். கதவைத் திறந்துவிட்ட இடமெல்லாம் அவருக்கு ஒரு நிறுத்தம்.

"இனிமே எங்கூடப் பேசாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினேன். அவர் சில மாதங்களில் தென்பக்கம் கடற்கரை ஊர்களுக்கு வேன் ஓட்டப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நானும் அந்த விடுதியை விட்டுவிட்டேன். அந்தக் கடற்கரை ஊர்களில் அவர் யார் வீட்டில் சாப்பிட்டு, யார் வாசலைக் காட்டிக் கொடுக்கிறாரோ தெரியாது.

அவரோடு பேச்சை முறித்த அந்த வாரமே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நம்ப மறுத்தாள். பிறகு நம்பினாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன மணிக்குப் போகச் சொன்னாரு?" என்று கேட்டாள்.

"அந்தாளு பேச்சையாம்மா கேக்கப் போற?"

"நாள் பூரா மலையில நின்னுட்டு வந்து ஒடம்ப கழுவாம எப்பிடிப் படுக்கிறது? அவர் சொன்ன நேரம் என்னைக்குமே பெசகினதில்லையே புள்ள."

ஆறு மணிக்கு மேல் நீல வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். மழை பெய்து விட்டிருந்தது. மங்கிய வெளிச்சத்தில் பாதையில் அட்டைகள் நெளிந்தன. தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியதும், பாதை வளையும் இடத்தில், ஆண்கள் நிற்கும் அந்த இடத்தில், அம்மா நின்றாள். நான் இரண்டடி முன்னால் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"பீலியில ஆளிருக்கா?"

வாழ்நாளில் முதல் தடவையாக அவள் அந்தக் குரலைக் கொடுத்தாள். தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர வேறு பதில் இல்லை. அவர் சொன்ன நேரம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தாள், தமிழ் தெரியாதவர்கள் யாராவது இருந்தால் என்ன செய்வது என்று யோசித்திருப்பாள்போல. மார்பின் மேல் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இருட்டைப் பார்த்து, தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள்.

"ஹலோ… ஹலோ…"